நெற்றிச் சுருக்கத்துக்கு முகப்பயிற்சி: கூட்டுமா, குறைக்குமா?

“புருவத்தைத் தூக்கிப் பிடியுங்கள், முப்பது முறை செய்யுங்கள், நெற்றிக்கோடு மறைந்துவிடும்” என்று சொல்லும் பயிற்சி வீடியோக்கள் ஏராளம். “முகத்தை அதிகம் அசைத்தாலே சுருக்கம்தான்” என்று பயமுறுத்துகிறவர்களும் அதே அளவுக்கு உண்டு. இரு தரப்பும் முகம் முழுவதையும் ஒரே தசையாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கன்னத்துக்குப் பொருந்துவது நெற்றிக்குப் பொருந்தாது. நெற்றியில் எந்தப் பயிற்சி கோட்டை ஆழமாக்கும், எது தணிக்கும், பயிற்சியை விட்டுவிட்டு வேறு எதில் நேரத்தையும் பணத்தையும் போடலாம் என்பதை முடிவு செய்ய, முதலில் அந்தத் தசையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெற்றித்தசைக்கு எலும்பில் பிடிப்பு இல்லை

கையை மடக்கும் தசை எலும்பில் தொடங்கி எலும்பில் முடிகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் அதைப் பழக்கினால் தசை திரளும், மேலே இருக்கும் தோல் மடிவதில்லை. முகபாவத் தசைகள் வேறு மாதிரி. அவற்றின் ஒரு முனையாவது தோலோடு ஒட்டியிருக்கும். தசை சுருங்கினால் தோலும் கூடவே இழுபடும், அதனால்தான் நம்மால் சிரிக்கவும் முறைக்கவும் முடிகிறது.

நெற்றித்தசையான ஃப்ரான்டாலிஸ் இதில் ஒரு படி மேலே போகிறது. அதற்கு எலும்பில் பிடிப்பே கிடையாது. உச்சந்தலையை மூடியிருக்கும் உறுதியான சவ்விலிருந்து இறங்கி, புருவத்தின் தோலிலும் அங்குள்ள மற்றத் தசைகளிலும் போய்க் கலந்துவிடுகிறது. நார்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் ஜன்னல் திரையைப் பாருங்கள்: இழுப்பு மேல்நோக்கி, மடிப்பு குறுக்கே. நெற்றியிலும் அதேதான். ஒவ்வொரு முறை புருவத்தைத் தூக்கும்போதும் தோல் அதே குறுக்குக் கோடுகளில் மடிகிறது.

இரண்டு புருவங்களுக்கு நடுவே விழும் நெட்டுக்கோடு இதைச் சேர்ந்ததல்ல. அது புருவத்தை உள்ளே இழுக்கும் காருகேட்டர் தசையின் வேலை. மூக்கின் வேரில் குறுக்கே விழும் சிறு கோடு ப்ரொசீரஸ் தசையுடையது. இவை இரண்டும் புருவத்தைக் கீழே இழுப்பவை. மேலே தூக்குவதற்கு இருப்பது ஃப்ரான்டாலிஸ் ஒன்றுதான். இந்த வேறுபாடு தசையைத் தளர்த்தும் ஊசியான போடாக்ஸ் பற்றிப் பேசும்போது மிகவும் தேவைப்படும்.

தசைக்கும் கோட்டுக்கும் உள்ள உறவுக்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. பெல்ஸ் பால்சி என்னும் முகவாதம் வந்தவர்களுக்கு ஒரு பக்க முக நரம்பு செயலிழக்கிறது. அந்தப் பக்க நெற்றி வழுவழுவென்று ஆகிவிடும், மறுபக்கத்தில் கோடுகள் அப்படியே இருக்கும். வயது, வெயில், தோல், சாப்பாடு எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். மாறியது தசையின் இழுப்பு மட்டும்.

அப்படியானால் சுருக்கத்துக்குத் தசை மட்டும்தான் காரணமா? இல்லை. சிறுவர்களும் நாள் முழுக்கப் புருவத்தைத் தூக்குகிறார்கள், ஆனால் கோடு தங்குவதில்லை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும், இழுத்தால் திரும்பிச் சுருங்கவைக்கும் எலாஸ்டினும் நல்ல நிலையில் இருக்கும்வரை மடிப்பு விரிந்துவிடும். வயது வந்த பிறகு கொலாஜன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது, வெயில் அந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துகிறது. மடிக்கிறது தசை, மடிப்பைத் தங்கவைப்பது வெயிலும் வயதும்.

முடிவெடுக்கும் முன் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்

பகலில், ஜன்னலுக்கு எதிரே நின்று பாருங்கள். குளியலறை விளக்கு வேண்டாம். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் இல்லாத கோட்டையும் இருப்பதுபோல் காட்டும்.

முகத்தைத் தளர்வாக விடுங்கள். கோடு தெரியாமல், புருவத்தைத் தூக்கினால் மட்டும் வந்தால் அது அசைவுக் கோடு. தளர்ந்திருக்கும்போதும் தெரிந்தால் அது பதிந்த கோடு. பதிந்த கோட்டின் இரு பக்கமும் விரல் வைத்து மேலும் கீழுமாக லேசாக விரித்துப் பாருங்கள். முழுக்க மறைந்தால் பதிவு மேலோட்டமானது. விரித்தும் ஒரு கீறல்போல் நின்றால் ஆழமானது.

அடுத்த சோதனையைப் பலரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கண்களை மெல்ல மூடிப் பத்து விநாடி இருங்கள். நெற்றி முழுதும் தளர்ந்ததும் இரண்டு புருவங்களையும் விரல்களால் எலும்போடு சேர்த்து, மேலே ஏறாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறந்து நேரே பாருங்கள். பார்வை சாதாரணமாக இருந்தால் நல்லது. இமை கனத்து, கருவிழியின் மேல்பகுதியை மறைப்பதுபோல் இருந்தால் உங்கள் நெற்றித்தசை அழகுக்கோ பழக்கத்துக்கோ சுருங்கவில்லை. தொங்கும் இமையைத் தூக்கிப் பிடிக்க நாள் முழுவதும் உழைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சியும் பயன் தராது, போடாக்ஸ் நிலைமையை மோசமாக்கவும் கூடும். முதலில் பார்க்க வேண்டியது கண் மருத்துவரை.

கண் தொடர்பாக இன்னொன்று. நாற்பது வயதைத் தாண்டியவர் ஊசியில் நூல் கோக்கும்போது முகத்தைக் கவனியுங்கள்: கை நீளும், தலை பின்னால் போகும், புருவம் மேலேறும், நெற்றி முழுக்க வரி விழும். போனில் குறுஞ்செய்தி படிக்கும்போதும் இதேதான், ஒரு நாளில் நூறு முறை. வயதால் கிட்டப்பார்வை மங்கும் இந்தச் சாளேசுரத்துக்கு ஒரு படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது எந்த நெற்றிப் பயிற்சியையும்விடப் பயன் தரும்.

தூக்கும் பயிற்சி

வீடியோக்களில் வரும் நெற்றிப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, புருவத்தை முடிந்தவரை தூக்கிப் பிடித்து விடுவது. மற்றொன்று, விரல்களால் புருவத்தைக் கீழே அழுத்திக்கொண்டே அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தூக்குவது. முதல் வகையில் தோல் முழுக்க மடிகிறது. ஒரு வேளைக்கு 30 முறை, நாளுக்கு மூன்று வேளை என்று ஓர் ஆண்டு செய்தால் 32,850 மடிப்புகள், அதுவும் சாதாரணப் பேச்சில் வருவதைவிட ஆழமாக. கோட்டைப் போக்க அதே கோட்டில் மடிப்பது எந்தத் தர்க்கத்துக்கும் ஒத்துவராது.

இரண்டாவது வகையை ஆதரிப்பவர்கள், விரல் பிடித்திருப்பதால் தோல் மடிவதில்லை என்பார்கள். ஓரளவு உண்மை. புருவத்தை ஒட்டிய பகுதி மடியாது, மேலே முடிக்கரையை ஒட்டி மடியும். அதைவிட முக்கியம், எதிர்ப்புக் கொடுத்துப் பழக்கினால் எந்தத் தசையும் வலுக்கும். வலுத்த நெற்றித்தசை என்றால் சாதாரணமாகப் பேசும்போதும் பலமாக இழுக்கும் தசை. பொதுவாக ஆண்களுக்கு நெற்றித்தசை பெரிது, அதனால்தான் அவர்களுக்குப் போடாக்ஸ் கூடுதல் யூனிட் தேவைப்படுகிறது என்பதைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

கன்னத்தில் நடப்பது வேறு. அங்கே வயதானால் கொழுப்பு குறைந்து பள்ளம் விழுகிறது. அடியில் இருக்கும் தசை சற்றுத் திரண்டால் மேலே கொஞ்சம் நிரம்பிய தோற்றம் வரலாம். நெற்றியில் நிரப்ப வேண்டிய பள்ளம் எதுவும் இல்லை. ஃப்ரான்டாலிஸ் ஒரு மெல்லிய தகடு, அது தடித்தாலும் கோட்டுக்கு அடியில் போய் அதைத் தூக்காது.

முகப்பயிற்சிக்கு ஆதரவாக எல்லோரும் காட்டும் ஆய்வு சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முராத் ஆலமும் குழுவினரும் செய்தது, 2018 ஜனவரியில் வெளியானது. 40 முதல் 65 வயதுவரையுள்ள 27 பெண்கள் சேர்ந்தார்கள். முதல் 8 வாரம் நாளுக்கு 30 நிமிடம், அதன் பிறகு 20ஆம் வாரம்வரை ஒருநாள் விட்டு ஒருநாள். முடித்தவர்கள் 16 பேர்தான். புகைப்படத்தைப் பார்த்து மருத்துவர்கள் ஊகித்த சராசரி வயது 50.8இலிருந்து 48.1ஆகக் குறைந்தது. செய்தித் தலைப்புகள் இதோடு நின்றுவிட்டன. முகத்தின் பல அம்சங்களை அளந்ததில் தெளிவாக மேம்பட்டவை மேல்கன்னத்தின் நிறைவும் கீழ்கன்னத்தின் நிறைவும் மட்டுமே. புருவத்துக்கான பயிற்சியும் அந்தத் தொகுப்பில் இருந்தது, ஆனாலும் நெற்றிக்கோட்டில் அப்படிப்பட்ட முன்னேற்றம் பதிவாகவில்லை. பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழுவும் அந்த ஆய்வில் கிடையாது. மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 49 மணி நேரம் வருகிறது. கன்னத்துக்காக அவ்வளவு நேரம் ஒதுக்க ஒருவர் விரும்பினால் அது அவர் விருப்பம். நெற்றிக்காக ஒதுக்குவதற்கு இந்த ஆய்வு காரணம் தரவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தூக்கும் பயிற்சி நெற்றிக்கோட்டைக் கூட்டுகிறது என்று அளந்து நிரூபித்த ஆய்வும் இல்லை. சில வாரம் செய்துவிட்டோமே என்று யாரும் பதற வேண்டாம். ஆனால் தசையின் அமைப்பு, முகவாதம் தரும் சாட்சி, தசையைத் தளர்த்தினால் கோடு குறைகிறது என்று போடாக்ஸ் ஆய்வுகள் காட்டுவது எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. எங்கள் முடிவு: நெற்றியைத் தூக்கும் பயிற்சியைச் செய்ய வேண்டாம்.

இரண்டு பேருக்கு இது பொருந்தாது. முகவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்கு இயன்முறை மருத்துவர் தரும் நெற்றிப் பயிற்சி சிகிச்சை, அதை நிறுத்தக் கூடாது. நாட்டியம் பயில்பவருக்குப் புருவ அசைவு கலையின் பகுதி, அதைக் குறைக்கச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

தளர்த்தும் பயிற்சி

இதுவும் பயிற்சிதான், ஆனால் நேர் எதிர்த் திசையில். தன்னை அறியாமல் சுருங்கும் தசையை உணர்ந்து, விடுவிக்கப் பழகுவது. 1970களிலேயே பதற்றத் தலைவலிக்காக நெற்றித்தசையின் மின்துடிப்பைக் கருவியில் அளந்து, நோயாளிக்கு ஒலியாகக் கேட்கவைத்துத் தளர்த்தப் பழக்கினார்கள். தன் நெற்றி இறுகியிருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதே இல்லை, சுட்டிக்காட்டினால் தளர்த்த முடிகிறது. வீட்டில் அந்தக் கருவி தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரி போதும்.

புருவத்துக்கு மேலே, நெற்றியின் நடுவில், சுமார் 5 செ.மீ. நீளத் துண்டை நெட்டாக ஒட்டுங்கள். முகம் தளர்வாக இருக்கும்போது ஒட்ட வேண்டும், தோலை இழுத்து ஒட்டக் கூடாது. புருவம் ஏறும்போதெல்லாம் பிளாஸ்திரி மடிந்து சொரசொரக்கும், அந்த உணர்வுதான் எச்சரிக்கை. புருவத்தை நெரிப்பதுதான் உங்கள் பழக்கம் என்றால் துண்டை இரு புருவத்துக்கும் நடுவே குறுக்காக ஒட்ட வேண்டும். வேலை செய்யும்போது நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மூன்று வாரம் போதும். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது மடிகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் வாரத்திலேயே ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும்: சிலருக்குக் கணினித் திரை உயரமாக இருக்கும், சிலருக்குத் தொலைபேசிப் பேச்சு, சிலருக்கு வெயிலில் வண்டி ஓட்டுவது.

பிளாஸ்திரியை எடுக்கும்போது தண்ணீரில் நனைத்து மெதுவாக உரிக்கவும், வறட்டு இழுப்பு தோலைக் காயப்படுத்தும். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் அரிப்போ வெள்ளை படர்வதோ வந்தவர்கள் எந்தப் பசையையும் நெற்றியில் ஒட்டக் கூடாது. சில பொட்டுகளின் பசையிலுள்ள ரசாயனம் நிறமிச் செல்களையே அழிக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்த தோல் அதை மறப்பதில்லை.

அடுத்தது வேறுபாட்டை உணர்வது. புருவத்தைப் பாதியளவு மட்டும் தூக்கி இரண்டு விநாடி வைத்து, பிறகு விட்டுவிடுங்கள். பதினைந்து விநாடிவரை “இன்னும் கொஞ்சம் விடு” என்று நெற்றியிடம் சொல்வதுபோல் தளர்த்திக்கொண்டே போங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இது தசையை வலுப்படுத்த அல்ல, இறுக்கம் எது, தளர்ச்சி எது என்று மூளைக்குக் காட்ட.

கடைசியாக, பிரித்துப் பழகுவது. உள்ளங்கையை நெற்றியில் லேசாக வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். முதலில் நெற்றியும் கூடவே ஏறப் பார்க்கும். கண்ணை மேலே கொண்டுபோகும் தசை வேறு, நெற்றித்தசை வேறு, இரண்டையும் பிரிக்க முடியும். அது வந்தபிறகு ஒரு பத்தியைக் கண்ணாடி முன் உரக்கப் படியுங்கள், குரலில் ஏற்ற இறக்கம் இருக்கட்டும், புருவம் மட்டும் அமைதியாக. ஆசிரியர்கள், விற்பனைப் பிரதிநிதிகள்போல் நாள் முழுதும் பேசுகிறவர்களுக்கு இது கடினம், ஆனால் அதிகம் பயன்படுவதும் அவர்களுக்குத்தான்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அசைவுக் கோடு பதிந்த கோடாக மாறுவதைத் தளர்த்தும் பழக்கம் தாமதப்படுத்த உதவலாம். ஏற்கெனவே பதிந்ததை அழிக்காது. முகத்தைச் சிலைபோல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வியப்பில் புருவம் உயர்வதால் எந்த நஷ்டமும் இல்லை. எதையும் வெளிப்படுத்தாமலே இறுகிக் கிடக்கும் நெற்றிதான் குறி.

இரவு முழுக்க ஒட்டும் சிலிக்கான் பட்டைகள் காலையில் நெற்றியை மழுமழுப்பாகக் காட்டும். தோலில் ஈரம் தங்கி உப்புவதால் வரும் தோற்றம் அது, கழற்றிய சில மணி நேரத்தில் போய்விடும். எண்ணெய் மசாஜும் இதே கணக்குதான். சுகமாக இருக்கும், தசையும் தளரும், கோடு மாறாது. தேங்காயெண்ணெய் தேய்த்தால் நெற்றியில் பருக்கள் வருகிறவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது.

வெயில் காப்பும் இரவு கிரீமும்

பயிற்சிக்கு ஒதுக்கும் அரைமணியில் இரண்டு நிமிடத்தை சன்ஸ்கிரீனுக்குக் கொடுத்தால் நெற்றிக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் பூசியவர்களின் தோல் முதுமை, விருப்பப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. கறுத்த தோலில் மெலனின் ஓரளவு காப்பதால் நமக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். ஆனால் தமிழ்நாட்டுக் கோடையின் நண்பகலில் புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். கண் கூசிப் புருவம் நெரிவதும் இந்த வெயிலில்தான், ஆகவே கருப்புக் கண்ணாடியும் இதே கணக்கில் சேரும்.

எஸ்பிஎஃப் 30க்கு மேல், பிஏ+++ குறியுள்ளது போதும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பெரும்பாலோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை, பூசினாலும் நெற்றியின் மேற்பகுதியை, முடிக்கரைவரை, விட்டுவிடுகிறார்கள். வியர்வையில் கரைந்து கண்ணில் எரிகிறது என்பதுதான் காரணம். ஜிங்க் ஆக்சைடு உள்ள வகையை நெற்றிக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொண்டால் அந்த எரிச்சல் பெரும்பாலும் இருக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி யுவிஏ என்னும் புறஊதாக் கதிர் வரும் என்பதற்குப் பல ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்க ஓட்டுநரின் படம் மருத்துவ உலகில் பிரபலம்: ஜன்னல் பக்கமிருந்த இடதுமுகம் முழுக்கச் சுருக்கம், வலதுமுகம் அவ்வளவாக இல்லை.

பதிந்த மெல்லிய கோட்டை உண்மையில் மாற்றக்கூடிய பூச்சு ட்ரெட்டினாயின். தோலில் புதிய கொலாஜன் உருவாகத் தூண்டும். மருத்துவர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். பொதுவாக 0.025 சதவீத கிரீமில் தொடங்குவார்கள். இரவில் முகம் கழுவி, இருபது நிமிடம் காயவிட்டு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் பரப்ப வேண்டும், கோட்டில் மட்டும் குவித்துப் பூசக் கூடாது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, தோல் ஏற்றுக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாவது வாரத்தில் தோல் உரிந்து சிவப்பதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் வேகமாகப் பலன் வேண்டுமென்று கூடுதலாகப் பூசி எரிச்சலாக்கிக்கொள்கிறார்கள். நம் தோலில் எரிச்சல் ஆறும்போது கருந்தழும்பாக மாறும், சுருக்கத்தைவிட அதுதான் கண்ணில் படும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைகளில் ட்ரெட்டினாயினோடு நிறத்தை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோனும் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்த கிரீம்கள் “முகத்துக்குப் போடும் கிரீம்” என்று கைமாறுகின்றன. டியூபின் பின்புறத்தில் மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால் என்று எது இருந்தாலும் நெற்றிச் சுருக்கத்துக்கு அது வேண்டாம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும்.

போடாக்ஸ்

நெற்றித்தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசி. இரு புருவத்துக்கும் நடுவிலுள்ள கோட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல் அனுமதி தந்தது. நெற்றிக் குறுக்குக் கோட்டுக்கு அனுமதி 2017இல்தான் வந்தது. அந்த அனுமதியில் உள்ள அளவு நெற்றித்தசையில் 5 இடத்தில் 20 யூனிட், கூடவே புருவ நடுவில் 5 இடத்தில் 20 யூனிட், ஆக 40. நெற்றிக்கோட்டுக்கு ஏன் புருவ நடுவிலும் போட வேண்டும்? தூக்கும் தசையை மட்டும் தளர்த்திவிட்டுக் கீழிழுக்கும் தசைகளை விட்டுவைத்தால் புருவம் இறங்கிவிடும். “நெற்றிக்கு மட்டும் போதும், குறைந்த செலவில்” என்று யாராவது சொன்னால் அதில் இருக்கும் அபாயம் இதுதான். இதே காரணத்தால் பல மருத்துவர்கள் புருவத்துக்கு மேலே சுமார் 2 செ.மீ. பட்டையைத் தொடாமல் விடுவார்கள். அங்கே ஒரு சிறு கோடு மிஞ்சினால் அது குறையல்ல, புருவத்தைக் காப்பாற்றியதன் அடையாளம்.

மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப்பலன் தெரியும், மூன்று நான்கு மாதம் நிற்கும். அசைவுக் கோட்டில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. ஆழமாகப் பதிந்த கோடு குறையும், முழுக்க மறையாமலும் போகலாம். ஒரு பிராண்டின் யூனிட்டை இன்னொரு பிராண்டின் யூனிட்டோடு ஒப்பிட முடியாது, விலை கேட்கும்போது மருந்தின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். குப்பியை உங்கள் கண்முன் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். போட்ட அன்று நெற்றியைத் தேய்ப்பதோ ஃபேஷியல் செய்துகொள்வதோ கூடாது, மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவி இமை தொங்கலாம். தொங்கினால் தானே சரியாகும், ஆனால் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

யாருக்கு எது

இருபது முப்பதுகளில் இருந்து, புருவம் தூக்கினால் மட்டும் கோடு வருகிறவருக்கு சன்ஸ்கிரீனும் தளர்த்தும் பழக்கமும் போதும். ஊசி இப்போது தேவையில்லை. நாற்பதுகளில், மேலோட்டமாகப் பதிந்த கோடு என்றால் கண் பரிசோதனையில் தொடங்கி, சன்ஸ்கிரீனோடு ட்ரெட்டினாயினை ஆறு மாதம் விடாமல் பூசிப் பார்க்கலாம். அதன் பிறகும் கோடு உறுத்தினால் போடாக்ஸ் பற்றி யோசிக்கட்டும். ஒரு திருமணத்துக்காகவோ முக்கிய நிகழ்வுக்காகவோ உடனே குறைய வேண்டும் என்பவருக்குப் போடாக்ஸ்தான் வழி, ஆனால் நிகழ்வுக்கு நான்கு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கூடக்குறைய இருந்தால் திருத்த இடைவெளி வேண்டும். விரல் வைத்துப் புருவத்தைப் பிடித்தபோது இமை கனத்தவருக்கு மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் கண் மருத்துவர். இமைத் தொங்கல் சரியானால் நெற்றி தானாகவே தளர்வதுண்டு. ஒரே பக்க நெற்றி திடீரென்று வழுவழுப்பானாலோ ஒரு இமை திடீரென்று இறங்கினாலோ அது அழகு விஷயமே அல்ல, அன்றைக்கே மருத்துவமனை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தொடங்கும் நாளில் மூன்று படம் எடுத்து வையுங்கள்: முகம் தளர்ந்திருக்கும்போது ஒன்று, புருவம் உயர்த்தி ஒன்று, கண்ணை மெல்ல மூடி ஒன்று. அதே ஜன்னல், அதே நேரம், போன் கண்மட்டத்தில், அழகூட்டும் வடிகட்டி அணைத்து. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி மூன்று. தளர்த்தும் பழக்கம் பிடிபட்டவரின் மாற்றம் முதல் படத்தில்தான் முதலில் தெரியும், புருவம் முன்பைவிடச் சற்றே கீழே, இயல்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும்.